மூண்டு பேருக்கு அரைக்கிலோ

ஆறு பத்துக்கு அடுப்பைப் பத்தவைச்சா ஆறரைக்குச் சாப்பிடலாம், மிஸ்டர் சுந்தரலிங்கம். அரைக்கிலோ இறைச்சி, மூண்டு பேர். நான், மகள் கொன்ஸ்ரன்ஸ், என்ர தம்பி ஒஸ்வால்ட். இல்லை, பேப்பரை அந்த மேசையில வையுங்கோ, பிறகு பாக்கிறன். கையெல்லாம் இறைச்சி. உங்கட லோயர் தந்துவிட்ட பேப்பரில மாட்டு ரத்தம் படக்கூடாது, அதுவும் வெள்ளிக்கிழமையில.

நீங்களும் வெள்ளி சைவமோ? அப்ப யன்னலடிக் கதிரையில இருங்கோ, வெள்ளவத்தைக் கடல் காத்து வரும். மணம் உங்களிட்ட வராது. நேர மேல போகும். மேல போறதுக்குத்தானே சமைக்கிறன்.

பகிடியில்லை. மேல இருக்கிற வீட்டுக்காரர், உங்களை அனுப்பின பூபாலசிங்கம், சரியா ஆறே காலுக்குச் சாமியறையில விளக்குக் கொளுத்துவார். அவற்ர சாமியறை யன்னலும் என்ர குசினி யன்னலும் ஒண்டுக்கு மேல ஒண்டு. கட்டின மேசன் எங்களைப்போல வேதக்காரனா இருந்திருப்பான்.

இது பெரிய வேலையில்லை. நார் எந்தப் பக்கம் ஓடுதெண்டு பாத்து, அதுக்குக் குறுக்க வெட்டோணும், மெல்லிசா. சோயா சோஸ், மிளகுதூள், ஒரு கரண்டி கோர்ன் ஃப்ளவர். பிசைஞ்சு வைச்சிட்டு மரக்கறியை வெட்டினாச் சரி. லீக்ஸ், கரட், போஞ்சி, கறிமிளகாய். எங்கட ஆக்கள் எல்லாரும் விடுற பிழை என்னெண்டா, இறைச்சியைக் கண்டவுடன தண்ணி விட்டு மூடி அவிய வைக்கிறது. இதுக்கு மூடியே இல்லை. தாச்சி புகையோணும், கை நிக்காமப் பிரட்டோணும். ஒஸ்வால்ட் பழக்கினது. காலி றோட்டில ஒரு சைனீஸ் சாப்பாட்டுக்கடைக் குசினியில நிண்டவன். மன்னாரால ஆமியிட்டப் பாஸ் எடுத்து வந்து மூண்டாம் கிழமை பிடிச்ச வேலை. அக்கா, வேலையால வந்து களைச்ச ஆளுக்கு இதுதான் சாப்பாடு, இருவது நிமிசம் எண்டுவான்.

கேட்டதோ? மேல யன்னல் சாத்துற சத்தம். ஆறே கால் ஆச்சு.

ஓம், முந்தி அப்பிடியில்லை. குடிவரேக்க அவர் ஒண்டுதான் கேட்டவர். பிள்ளை, நீங்கள் வேதக்காரர், என்னவும் சாப்பிடுங்கோ, வெள்ளிக்கிழமை மட்டும் மாடு வேண்டாம். ஓமெண்டனான். எங்களுக்கும் வெள்ளி இறைச்சியில்லாத சுத்தபோசனந்தானே, அதில என்ன கஷ்டம். ஒன்பது வருசம் அந்தச் சொல்லுத் தவறேல்லை. இப்ப வெள்ளிக்கு வெள்ளி சமைக்கிறன், தின்னுறன். பாதர் கேள்விப்பட்டுக் கூப்பிட்டவர். பாவசங்கீர்த்தனம் செய் டோரின் எண்டார். செய்தது பிழையெண்டு மனஸ்தாபம் வரட்டும், வாறன் பாதர் எண்டிட்டு வந்திட்டன்.

கொஞ்சம் பின்னுக்கு, எண்ணெய் தெறிக்கும்.

உங்கட வீட்டிலயும் பொலிஸுக்கு லிஸ்ற் குடுத்திருப்பீங்கள். அதேதான். வீட்டில ஆர் ஆர் இருக்கினம், ஐடென்ரி காட் நம்பர், எங்கயிருந்து வந்தது, ஏன் வந்தது. வீட்டுக்காரர் கையெழுத்து வைச்சுக் கொண்டுபோய்க் குடுக்கோணும். ஒஸ்வால்ட் வந்த மற்ற நாளே அவன்ர விபரத்தைத் துண்டில எழுதி மேல கொண்டுபோய்க் குடுத்தனான். ரெண்டு நாள் கழிச்சுப் படியில கண்டு கேக்க, லிஸ்ற்றில போட்டாச்சுப் பிள்ளை எண்டார். பொலிஸ் சீல் குத்தின லிஸ்ற்றின்ர கொப்பி ஒண்டு கேட்டு வாங்கியிருக்கோணும். ஒன்பது வருசம் ஒரு கூரைக்குக் கீழ இருந்த மனுசனிட்டக் கொப்பி கேக்க வெக்கமாக் கிடந்தது. இப்ப அந்த வெக்கம் இல்லை.

தொண்ணூத்தேழு பெப்ரவரி பதினோராம் திகதி, விடிய அஞ்சு மணிக்கு றோட்டை மறிச்சு வீடு வீடாச் செக்கிங். இன்ஸ்பெக்டரின்ர கையில லிஸ்ற். டோரின், கொன்ஸ்ரன்ஸ். தென்னய், ரெண்டு பேர் எண்டு விரலைக் காட்டினார். நாங்கள் மூண்டு பேர் நிக்கிறம். படியில நிண்ட பூபாலசிங்கத்தைப் பாத்து, இவன் ஆரெண்டு சிங்களத்தில கேட்டார். மம தன்னே நே மஹத்தயா. எனக்குத் தெரியாது ஐயா. அவ்வளவுதான் சொன்னவர். முதல் நாள் பின்னேரம் அவற்ர தண்ணி மோட்டரைக் கழட்டித் திருத்திப் பூட்டிக் குடுத்தவன் ஒஸ்வால்ட். செருப்புப் போடவும் விடாமக் கொண்டுபோட்டினம் அவனை. பதினஞ்சு மாசம் ஆச்சு. எங்க எண்டு தெரியாது.

பயத்தில சொல்லியிருப்பார். ஓம், எனக்கும் அது தெரியும். மன்னார்க்காரன் ஒருத்தன்ர பேர் தன்ர விலாசத்தில கிடந்தா, மகள் கூப்பிடுற கனடா விசாவுக்கு இடைஞ்சல் எண்டு நினைச்சிருப்பார். பயத்தை நான் குறை சொல்லேல்லை. போட்டாச்சு எண்டு ஏன் சொன்னவர்? போடேல்லை எண்டிருந்தா, அண்டைக்கே கொட்டாஞ்சேனையில பெரியம்மா வீட்டில அவனைப் பதிஞ்சிருப்பன்.

பிறகு ஆறு தரம் மேல போனனான். ரெண்டு வரி எழுதித் தாங்கோ, இவன் இஞ்ச இருந்தவன் எண்டு. ஆறு தரமும் பிரஷர் எண்டு படுத்திருந்தார். ஏழாம் தரம் மேல போகேல்லை. தெஹிவளைக்குப் போனனான், இறைச்சி வாங்க.

இப்ப தாங்கோ பேப்பரை, கை கழுவிட்டன்.

ம். வீட்டை விக்கிறார். வாங்கிற ஆள் வெறும் வீடாக் கேக்கிறார். நான் வீட்டை விட்டு எழும்புறன் எண்டு கையெழுத்து வைக்கோணும். வாடகைச் சட்டப்படி என்னைச் சும்மா எழுப்பேலாதெண்டு லோயர் உங்களுக்குச் சொல்லித்தானே விட்டவர். அவற்ர கனடா பிளேன் வாற வியாழன். தெரியும், படியில பெட்டி இறக்கிற சத்தம் கேக்குது.

இதில ஒரு பிழை கிடக்கு, மிஸ்டர் சுந்தரலிங்கம். கீழ் வீட்டில குடியிருந்தவை எண்ட இடத்தில டோரின், கொன்ஸ்ரன்ஸ் எண்டு மட்டும் அடிச்சிருக்கு. மூண்டாவது பேரையும் அடிப்பியுங்கோ. ஒஸ்வால்ட், தொண்ணூத்தாறு ஒக்ரோபரிலயிருந்து எண்டு. கீழ பூபாலசிங்கம் கையெழுத்து வைச்சுத் திகதி போடட்டும். நானும் வைக்கிறன். அண்டைக்கே சாமானை ஏத்திறன்.

ஓம், உங்களுக்கு விளங்கும், லோயரோட இருக்கிற ஆள். அந்தக் கையெழுத்தின்ர கொப்பி அண்டைக்கே பொலிஸுக்குப் போகும். அப்ப எங்களுக்கு ஏன் பொய் லிஸ்ற் தந்தனீர் எண்டு அவரைக் கூப்பிட்டுக் கேப்பினம். வியாழனுக்கு முன்னமோ பின்னமோ, அது அவற்ர சாமிக்குத்தான் தெரியும். கையெழுத்து வைக்காட்டி வீடு நிக்கும், அவரும் நிப்பார், நானும் நிப்பன். வெள்ளிக்கு வெள்ளி அரைக்கிலோ. எது வசதியெண்டு மேல போய்க் கேளுங்கோ. கதவு திறப்பார், இண்டைக்குப் பிரஷர் இருக்காது.

அந்தச் சாப்பாட்டுக் கோப்பையோ? அது ஒஸ்வால்ட்டின்ர. போட்டு மூடி வைக்கிறது, காலமை கொன்ஸ்ரன்ஸ் பாணோட கொண்டுபோவாள்.

பொலிஸில நேர கேக்கேல்லையோ எண்டோ? கேக்காம இருப்பனே. எழுத்தில குடுத்தனான், றெஜிஸ்டர் தபாலில. தொண்ணூத்தெட்டு மார்ச் ஆறாம் திகதி மறுமொழி வந்தது. வீட்டுக்காரர் கையெழுத்து வைச்ச லிஸ்ற்றின்படி, இந்த விலாசத்தில ஒஸ்வால்ட் எண்டு ஒரு ஆள் இருக்கேல்லை.