சுவிட்ச் பெட்டியில் தொங்கிய தொப்பி

அவர்கள் இவ்வளவு அவசரப்பட வேண்டியதில்லை. இரும்பை அறுக்கிற சத்தம் காதைத் துளைக்கிறது. தானியக் குதிரின் பக்கவாட்டில் ஓட்டை போட்டால் கோதுமை தானாகக் கொட்டிவிடும். பதறுவதால் எதுவும் சீக்கிரம் ஆகப்போவதில்லை. கோக்குக்கு நன்றி, சார். மடக் மடக்கென்று குடிப்பதைப் பார்க்காதீர்கள். காலையிலிருந்து லாரி ஓட்டியிருக்கிறேன், அதனால்தான்.

உள்ளே ஆள் இருக்கிறார் என்று முதலில் சொன்னது நான்தான். அதை மறந்துவிடாதீர்கள். நான் சொல்லாவிட்டால் இப்போதுகூட யாரும் தேடியிருக்கமாட்டார்கள்.

என் பெயர் லேனி. வயது பதினேழு. டுவைட் சித்தப்பாவின் அறுவடைக் குழுவில் தானிய லாரி ஓட்டுகிறேன். மே மாதம் டெக்சாஸில் தொடங்கி, கோதுமை பழுக்கப் பழுக்க வடக்கே போய்க்கொண்டே இருப்போம். மொன்டானாவில் முடிக்கும்போது குளிர் வந்திருக்கும். ஒரு ஊரில் ஒரு வாரம் இருந்தால் அதிகம். பல் வலிக்கிறது என்று யாரிடமாவது சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும்.

முதல் வருஷம் டெக்சாஸில் மழை பெய்து வயல் காயாமல் கிடந்தது. குழுவில் எல்லோரும் சீட்டாடினார்கள். நான் சும்மா நடந்தேன். படைவீரர் மன்றத்தில் மீன் பொரிக்கிற வாசனை வந்தது, உள்ளே போனேன். மேடை ஓரத்தில் ஒரு அம்மாள், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு ஒல்லியான மேஜை. மேஜை என்றுதான் நினைத்தேன். அது பெடல் ஸ்டீல் கிட்டார். தறியில் உட்கார்ந்தவர் மாதிரி பாதம், முழங்கால், கை எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்தன. முகம் மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் முகம்போல சும்மா இருந்தது.

அந்தச் சத்தத்தை ரேடியோவில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். உயிரோடு ஒரு ஆள் உட்கார்ந்து அதைச் செய்கிறார் என்று அதுவரை தோன்றியதே இல்லை.

மூன்று தந்திகள் சேர்ந்து ஒலிக்கும். பாதம் மிதியை அழுத்தும்போது ஒன்று மட்டும் மெல்ல நகர்ந்து மேலே போகும். மற்ற இரண்டும் இருந்த இடத்திலேயே நிற்கும். பாதத்தை எடுத்தால் போனது திரும்பி வந்துவிடும். எங்கள் வீட்டில் மூன்று பேர் இருந்தோம். அம்மா டென்வருக்குப் போனாள். அதைப் பற்றி இதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு எந்த ஊரில் லாரியை நிறுத்தினாலும் நான் முதலில் விசாரிப்பது அதைத்தான். நடன அரங்கு, தேவாலயம், மாட்டுச் சந்தை, எங்காவது ஒருவர் வாசித்துக்கொண்டிருப்பார். சித்தப்பா எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்வார்: "நம்ம லேனிக்கு மாப்பிள்ளை பாக்குறதா இருந்தா அறுபதைத் தாண்டுன ஆளாப் பாக்கணும்டா. உக்காந்த இடத்தை விட்டு எந்திரிக்கவே கூடாது."

இந்த ஊரில் வெர்லன். பகலில் இந்தக் குதிர்களில் வேலை, சனிக்கிழமை இரவு இந்த ஊர்ப் படைவீரர் மன்றத்தில் பெடல் ஸ்டீல் வாசிப்பு. என் லாரி எடைமேடையில் ஏறியதும் ஜன்னலுக்கு வருவார்.

"வந்துட்டியா, கோதுமைக்குட்டி? உங்க சித்தப்பன் இன்னும் உன்னை விக்கலையா?"

"விலை படியலயாம்."

"லாரியோட சேத்துக் கேட்டா நான்கூட வாங்கிக்கிறேன். லாரி நல்ல லாரி."

வருஷம் முழுவதும் என்னோடு பேசியவர்களை எண்ணிப் பார்த்தால் அவர்தான் அதிகம் பேசியவர். போன ஜூனில் வாசித்து முடித்த பிறகு, "கால வையி" என்றார். என் பாதத்தை மிதியில் வைத்துக் காட்டினார். அவர் தந்தியை மீட்ட, நான் அழுத்தினேன். அந்தத் தந்தியை மேலே அனுப்பியது நான். திரும்ப வரவழைத்ததும் நான்தான். குளிர்காலம் முழுவதும் பள்ளிக்கூடத்தில் மேஜைக்கு அடியில் அந்தக் காலை அழுத்திக்கொண்டும் எடுத்துக்கொண்டும் இருந்தேன்.

இந்த இடத்து வழக்கம் உங்களுக்கே தெரியும். குதிருக்குள் இறங்குகிறவர் கீழே சுவிட்ச் பெட்டியின் கைப்பிடியில் தன் தொப்பியை மாட்டிவிட்டுத்தான் ஏணியில் ஏறுவார். தொப்பி தொங்கினால், அடியிலிருந்து கோதுமையை இழுத்து வெளியே தள்ளும் இரும்புத் திருகை ஓட்டுகிற அந்தச் சுவிட்சை யாரும் தொடமாட்டார்கள். பூட்டு மாட்டச் சொல்லி யாரோ ஒரு அதிகாரி வந்து பேசினாராம். இந்தக் குதிர்களைக் கவனித்துக்கொள்கிற ஆரின் அவரிடம், "சாவி தொலையும் சார். எங்க ஊர்ல தலை தொலைஞ்சாலும் தொப்பி தொலையாது" என்று சொல்லி அனுப்பினாராம். வெர்லன்தான் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இன்று காலையில் வெர்லன் வேறு மாதிரி இருந்தார். முடி வெட்டியிருந்தார்.

"நாளைக்குக் கிளம்புறேன் லேனி. ஒரேகான்ல மக இருக்கால்ல, பேரன் பொறந்திருக்கான். வந்துருங்கப்பான்னுட்டா."

"எப்பத் திரும்புவீங்க?"

"எதுக்குத் திரும்பணும்? ஆரின் மூஞ்சியப் பாக்கவா?"

"இன்னிக்கு ராத்திரி வாசிப்பீங்கல்ல?"

"கிட்டாரக் கழட்டிப் பெட்டில வச்சாச்சு. மூஞ்சிய ஏன் தொங்கப் போடுற? அடுத்த ஊருக்குப் போ. அங்கயும் ஒருத்தன் உனக்காக வாசிச்சுக்கிட்டு இருப்பான்."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். கோபம் எதுவும் இல்லை. அவர் மேல் எனக்கு எப்போதுமே கோபம் வந்ததில்லை.

மத்தியானம் மூன்றாவது குதிரில் கோதுமை கட்டி தட்டி இறங்காமல் நின்றது. கம்பியால் குத்திவிட அவர் ஏறினார். நான் வந்தபோது தொப்பி கைப்பிடியில் தொங்கியது. ஓரத்தில் வேர்வை உப்பு பூத்திருந்தது. ஞாபகத்துக்கு ஒரு பொருள் இருந்தால் நல்லது என்று தோன்றியது. எடுத்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

ஆரின் அப்போது மூலை திரும்பி வந்தார். கைப்பிடியைப் பார்த்தார்.

"வெர்லன் மேல இருக்கானா?"

"தொப்பி இல்லையே" என்றேன்.

அது உண்மை. தொப்பி என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"கட்டிய உடைச்சிட்டான்போல. எங்க போய்த் தூங்குறானோ, நாளைக்குப் போறவன்தானே" என்றார் ஆரின். "கோதுமை ஏத்த நான் லாரியக் குழாய்க்கு அடியில கொண்டாறேன். நீ நிழல்ல நில்லு தாயி. மயங்கி விழுந்தா உங்க சித்தப்பன் என்னத்தான் திட்டுவான்."

அதோ, படியில் உட்கார்ந்து 'நான்தான் கொன்னுட்டேன், நான்தான் கொன்னுட்டேன்' என்று தலையில் அடித்துக்கொள்கிறாரே, அவர் சொல்வது ஒரு விதத்தில் சரிதான். சுவிட்சைப் போட்டது அவர். ஆனாலும் அவரை உங்கள் போலீஸ் வண்டியில் ஏற்றுவதற்குள் இதைச் சொல்லிவிடுவது நியாயம் என்று பட்டது. அவர் எப்போதும் என்னிடம் நன்றாகத்தான் நடந்துகொண்டார்.

நான் நினைத்தது வேறு. போன வருஷம் நெப்ராஸ்காவில் ஒருவர் முழங்கால் வரை கோதுமையில் புதைந்தார். கயிறு கட்டித் தூக்க மாலையாகிவிட்டது. கால் பிசகியது, கட்டுப் போட்டார்கள், அன்றைக்கே உட்கார்ந்து பீர் குடித்தார். ஆனால் ரொம்ப நாள் ஊரை விட்டு நகர முடியவில்லை. வெர்லனுக்கும் அப்படி ஆகும். ஒரேகான் தள்ளிப்போகும். முழங்கால் ஆறியதும், வேறு என்ன செய்வார், பெட்டியைத் திறப்பார். அடுத்த ஜூனில் நான் வருவேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அடியில் திருகு சுழல ஆரம்பித்தால் கோதுமை ஆளை விழுங்கிவிடும் என்று எங்களுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து சொல்வார்கள். சொல்லவில்லை என்று நான் சொல்லமாட்டேன்.

ஆரின் லாரியைத் திருப்பி, பின்னால் எடுத்து, குழாய்க்கு நேராக நிறுத்தி, இறங்கி வந்து சுவிட்சைப் போட வேண்டும். அதுவரை நேரம் இருந்தது. நான் ஏணியில் ஏறினேன். வெர்லனை எச்சரிக்கத்தான் ஏறினேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஏணிக்கு இரண்டு கையும் வேண்டும். கையில் எதையும் பிடித்துக்கொண்டு ஏற முடியாது.

உச்சித் திறப்பை எட்டியபோது திருகு ஓட ஆரம்பித்துவிட்டது. எட்டிப் பார்த்தேன். அதற்குள் அவர் இடுப்பு வரை போயிருந்தார். அந்த இரைச்சலில் கத்தினால் ஆரினுக்குக் கேட்காது, அதனால் கத்தவில்லை. வெர்லனும் கத்தவில்லை. என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. இடது கையை என் பக்கம் நீட்டினார். வாசிக்கும்போது கிட்டார்த் தந்தி மேல் இரும்புக் கட்டையை நகர்த்துகிற கை. கொஞ்சமும் நடுங்கவில்லை. மார்பு போனது, தோள் போனது. கை மட்டும் மேலே நின்றது. பிறகு அதுவும் மெல்ல வழுக்கிக்கொண்டு இறங்கியது.

நான் அங்கேயே இருந்தேன். போனது திரும்பி வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி நிரம்பும் வரை திருகு ஓடியது. பிறகுதான் இறங்கி வந்து ஆரினிடம் சொன்னேன்.

இதோ, தொப்பி. எனக்கு ரொம்பப் பெரியது, கண்ணை மறைக்கிறது. ஏறும்போது இரண்டு தடவை மேலே தள்ளிவிட வேண்டியிருந்தது.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன் சார். நான் ஒன்று கேட்கலாமா? கோதுமை தாடைக்கு வந்தபோது அவர் கண் கொஞ்சம் மேலே நகர்ந்தது. முகத்தில் இருந்த தெளிவு அப்படியே உறைந்துவிட்டது. அவர் கடைசியாகப் பார்த்தது என்னையா, என் தலையில் இருந்த அவருடைய தொப்பியையா?