கைபிடியில் கட்டிய சிவப்புத் துணி

என்ஜின் எண்ணெயைச் சூட்டோடு மாற்ற வேண்டும், ஐயா. ஆறவிட்டு மாற்றினால் கசடு அடியிலேயே தங்கிவிடும். இந்தச் சின்ன விஷயம் என் தம்பி சிறிலுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

மோட்டார் சைக்கிள் அவனுடையதுதான், நான் மறுக்கவில்லை. ஐம்பத்தேழில் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போன வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடம் வாங்கினான். முப்பத்தெட்டாம் ஆண்டுத் தயாரிப்பு, ஒற்றைச் சிலிண்டர். ஒரு வருஷம் கண்டபாட்டுக்கு ஓடி, புகைக்கத் தொடங்கியதும் பாலையூற்றில் என் வீட்டுக் குசினிக்குப் பின்னால் கொண்டுவந்து போட்டான். நான் டொக்யாட்டில் கப்பல் என்ஜின்கள் பூட்டித் திருத்தும் பிற்றராக இருந்தவன். பதினான்கு வருஷம் அந்த என்ஜினை நான் பார்த்தேன். வால்வுகளைக் கையாலேயே தேய்த்து இருத்தினேன். நான் கலியாணம் செய்யாததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சனம் என்னவும் கதைக்கும்.

அந்த என்ஜினுக்கு ஒரு குணம். சும்மா நின்றால் தாங்கியிலுள்ள எண்ணெய் மெல்ல மெல்ல என்ஜினுக்குள் இறங்கிவிடும். அதற்காக இடையில் வரும் குழாயில், எண்ணெயை மறிக்க ஒரு பித்தளை டப் பூட்டினேன். நிறுத்தினால் அதை மூட வேண்டும், ஓட முதல் திறக்க வேண்டும். திறக்க மறந்தால் எண்ணெய் போகாமல் நாலு கட்டை தூரத்துக்குள் பிஸ்டன் இறுகிவிடும். அதனால் டப்பை மூடியதும் கைபிடியில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுவேன். துணி இருந்தால் டப் மூடியிருக்கிறது, இல்லாவிட்டால் திறந்திருக்கிறது. சிறிலுக்கும் அது நன்றாகத் தெரியும்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தான்.

"அண்ணை, ஞாயிறு பூசை முடிய வந்து மோட்டார் சைக்கிளை எடுக்கிறன். கிண்ணியாவில வயல் செய்யிற கலீலுர் றஹ்மானிட்டக் கதைச்சிட்டன். என்ஜினைக் கழட்டித் தண்ணி இறைக்கப் போறாராம்."

"அவருக்கு வேற என்ஜின் ஒண்டு பாத்துக் குடுப்பம். இதை விடடாப்பா," என்றேன்.

"உங்களுக்கென்ன விசரே? இரும்புதானே," என்று சிரித்தான்.

எனக்குக் கோபம் வரவில்லை, கவலைதான் வந்தது. சேற்றுக்குள் விடிந்தால் பொழுதுபட்டால் இறைக்க விட்டால் அந்த என்ஜின் ஒரு போகத்துக்குத் தாங்காது. பிறகு என்னாலும் திருத்த ஏலாது. எண்ணெய் இல்லாமல் ஒருதரம் இறுகுவது அப்படியல்ல. இறுகின என்ஜினை வயலுக்கு யாரும் எடுக்கமாட்டார்கள், அது என்னிடம்தான் திரும்பி வரும். புதுப் பிஸ்டன் ஒன்று அலுமாரிக்குள் இருந்தது.

ஞாயிறு காலை, டப்பை மூடியபடியே விட்டுவிட்டுத் துணியை அவிழ்த்தேன். தோய்த்துக் கொடியில் போட்டேன். நான் செய்தது அவ்வளவுதான்.

சிறில் வந்து கைபிடியைப் பார்த்தான். "துணி இல்லை. அப்ப திறந்துதான் கிடக்கு, என்ன?" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

அவனுடைய மகள் அருள்மலரும் கூட வந்திருந்தாள். ஒன்பது வயது, பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை. கிண்ணியாத் துறையில் மிதவையில் ஏறி வாகனத்தோடு தண்ணீரைக் கடக்க அவளுக்கு ஆசையாம். பின்னால் ஏறியிருந்து, "பெரியப்பா, போட்டு வாறன்," என்றாள். பிள்ளை வருமென்று எனக்கு ஒருவரும் முதலே சொல்லவில்லை, ஐயா. அது சிறிலின் பிழை. என்ஜின் முதல் உதையிலேயே பிடித்தது. படலையடியில் இரண்டு நிமிஷம் நின்று ஓடியது. நல்ல சத்தம். முடக்குத் திரும்பும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.

என்ஜின் இறுகினால் பின்சில்லும் சுற்றாமல் இறுகி ஆளை விழுத்தும் என்று தெரியாதா என்று கேட்கிறீர்கள். ஓம், தெரியும். கிளச்சைப் பிடித்தால் சில்லு விடுபடும் என்பதும், சிறிலுக்கு அந்தப் பழக்கமில்லை என்பதும் தெரியும். வாக்குமூலத்தில் நான் தெரியாமல் செய்ததாக எழுதவேண்டாம்.

நானும் சாவிகளையும் எண்ணெய்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு என் சைக்கிளை மிதித்துப் பின்னால் போனேன். சீனக்குடாவுக்கு இப்பால் மதகடியில் கிடந்தார்கள். தெருவில் ஒரு குஞ்சு குருவியில்லை. சிறிலுக்குக் கால் முறிந்து அசைய முடியவில்லை. "அண்ணை, பிள்ளையைப் பாருங்கோ," என்றான். பிள்ளைக்கு அப்போது மூச்சு இருந்தது. தலையில் காயம், இரத்தம் போய்க்கொண்டிருந்தது. இறுக்கி அமத்திப் பிடித்திருந்தால் நின்றிருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

நான் முதலில் டப்பைத் திறந்தேன். இறுகின பிஸ்டனைச் சூடு ஆற முதல் அசைத்துவிட வேண்டும், இல்லையென்றால் சிலிண்டரோடு ஒட்டிப்போகும். பிளக்கைக் கழற்றி எண்ணெய் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக்கொண்டிருந்தேன். சிறில் கத்திக்கொண்டேயிருந்தான். இருபது நிமிஷம் எடுத்தது. லொறியொன்று வந்து நின்றபோது பிள்ளை போய்விட்டாள்.

வேறு யாராவது முதலில் அங்கே போயிருந்தால் அந்த என்ஜின் பிழைத்திருக்காது, ஐயா.