இணை விண்ணப்பதாரர்

நீங்கள் கொடுத்த தாளில் இடப்பக்கம் ஓரம் இல்லை. நானே இரண்டு விரல் அகலத்துக்கு மடித்து விட்டுக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் ஓரம் விடாத கடிதத்தைப் படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவார். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, இடம், நாள், கையெழுத்து. இதில் ஒன்று விட்டுப்போனால் ஒரு மதிப்பெண் போச்சு. எனக்கு எட்டாம் வகுப்பில் ஒரே ஒருமுறை போனது. அதற்குப் பிறகு போகவிட்டதில்லை.

என் பெயர் பார்த்திபன். வயது நாற்பத்து நான்கு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பிக் கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க். ஆய்வாளர் ஜெனிபர் அம்மா, என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். நல்லதுதான். உங்கள் ஏட்டையா எழுதியிருந்தால் ஒரு வாக்கியம் எங்கே முடிகிறது என்று நீதிபதி தேடிக்கொண்டிருப்பார்.

கடனிலிருந்து தொடங்குகிறேன். என் மனைவி திலகவதி மகளிர் குழுவில் இருந்தாள். இரண்டாயிரத்து இருபத்து மூன்று ஜூன் பன்னிரண்டாம் தேதி அந்தக் குழு வழியாக ஒரு பைனான்ஸ் கம்பெனியில் ஒரு லட்சத்து இருபதாயிரம் வாங்கினாள். புருஷன் இணை விண்ணப்பதாரராகக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவர்கள் விதி. போட்டேன். அக்டோபரில் அவள் என்னைவிட்டுக் கவரைப்பேட்டையில் இருக்கும் அவளுடைய அக்கா வீட்டுக்குப் போனாள். ஒரு கம்பெனி கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்தாள். பிரிந்து ஓராண்டு ஆனதும் கோர்ட்டில் மனு போடுவது என்று இருவரும் சம்மதித்தோம். பிப்ரவரியிலிருந்து தவணை கட்டுவதை நிறுத்திவிட்டாள்.

அப்போது நான் திருநின்றவூரில் ஒரு மனைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வீட்டுக் கடனுக்குக் காத்திருந்தேன். வருடக் கடைசிக்குள் பத்திரம் பதியவில்லையென்றால் முன்பணம் போய்விடும். பேங்க் மேனேஜர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். என் சிபில் ஸ்கோர் ஐந்நூற்று நாற்பத்தெட்டு. வாழ்க்கையில் ஒரு கரண்ட் பில்கூடத் தாமதமாகக் கட்டாதவன் நான். அங்கே என் பெயருக்குக் கீழே அவளுடைய கடன் சிவப்பில் கிடந்தது. பாஸ்புக்கை அரிசி டிரம்முக்குள் வைத்துவிட்டு மூன்று நாள் தேடுகிறவளின் கடன். "இந்தக் கணக்க முடிச்சிட்டு வாங்க சார், குடுத்துடலாம்" என்றார் மேனேஜர்.

வக்கீல் பீட்டரிடம் போனேன். விவாகரத்து ஆனால் இது என் பெயரிலிருந்து போய்விடுமா என்று கேட்டேன். சிரித்தார்.

"கோர்ட்டு உங்க ரெண்டு பேரத்தான் சார் பிரிக்கும். பைனான்ஸ்காரன் உங்க ரெண்டு கையெழுத்தப் பிரிக்க மாட்டான்."

அந்த ஒரு வாக்கியத்துக்கு ஆயிரம் ரூபாய் வாங்கினார். அவர் சொன்னதில் உருப்படியானது அது ஒன்றுதான்.

மீதி எண்பத்தாறாயிரத்தை நானே கட்டித் தொலைத்திருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். கையில் இருந்தது. கட்டியிருக்கலாம். ஆனால் அவள் கடனை நான் ஏன் கட்ட வேண்டும் என்பதற்கு நீங்களும் பதில் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கடன் பத்திரம் முழுவதையும் படித்தேன். அந்தக் குழுவில் பத்துப் பெண்கள். பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டார்கள், ஒருத்தியும் படிக்கவில்லை. கடனோடு ஒரு இன்சூரன்ஸ் சேர்ந்திருந்தது. கடன் வாங்கியவர் இறந்துபோனால் மீதியை இன்சூரன்ஸ் கட்டிவிடும். நான்காம் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை. முதல் ஓராண்டுக்குள் தற்கொலை என்றால் செல்லாது. ஓராண்டு முடியும் நாளைக் கணக்கிட்டுக் காலண்டரில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திலகவதியால் அவமானம் தாங்க முடியாது. ஆறு வருடத்துக்கு முன்னால் தவணைக்கு மிக்ஸி கொடுத்தவன் தெருவில் நின்று இரண்டு வார்த்தை கேட்டுவிட்டான் என்று மாத்திரைகளை விழுங்கியவள் அவள். ஆஸ்பத்திரிச் சீட்டு என் கோப்பில் இருக்கிறது.

ஜூன் பதின்மூன்றாம் தேதி முதல் கடிதத்தை எழுதினேன். இடது கையால் எழுதினேன். பெயர் போடவில்லை.

அந்தக் குழுவின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேர் தலையில் விழும். அதனால் ஒன்பது பேரும் அவள் வாசலில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் திலகவதி எங்கே இருக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நான் தெரியப்படுத்தினேன். குழுத் தலைவி முத்தம்மாளுக்கு விலாசம், ஷிப்ட் முடியும் நேரம், ஆந்திராவுக்கு ஓடப்போகிறாள் என்ற தகவல். கேன்டீன் கான்ட்ராக்டருக்கு, கல்லாவில் கை வைப்பவள் என்று. அக்கா குடியிருந்த வீட்டின் சொந்தக்காரருக்கு, வீட்டுக்குக் கண்டவர்கள் வந்துபோகிறார்கள் என்று. மொத்தம் பதினோரு கடிதங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கவரைப்பேட்டைக்குப் போய் எதிர் டீக்கடையில் உட்கார்ந்தேன். வாசலை மறித்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் முத்தம்மாள்.

"இன்னா திலகா, ஆந்திரா போறியாமே. எங்க டப்ப யாரு குடுப்பா, உங்க மாமனா?"

"நான் எங்க போறேன்க்கா? யாரு சொன்னது?"

"லெட்டரே வந்துகீது. நாளு, கெழம எல்லாம் போட்டு வந்துகீது. பொய்யா இருக்குமா?"

தெருவே சிரித்தது. நாள் போட்ட காகிதத்துக்கு ஜனங்கள் கொடுக்கிற மரியாதையை நினைத்து நானும் சிரித்தேன். டீ நன்றாக இல்லை.

ஆகஸ்டில் அவள் என் கம்பெனி கேட்டுக்கு வந்தாள். மெலிந்திருந்தாள்.

"இன்னாங்க, கேன்டீன்ல நிறுத்திட்டாங்க. அக்காவ ஊட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அந்தப் பணம் இன்னாச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்க கட்டிடுங்க. கோர்ட்ல எங்க சொன்னாலும் கையெழுத்துப் போட்டுட்டுப் போய்க்கினே இருக்கேன்."

பணம் என்ன ஆனது என்பது கேள்வியே அல்ல. கையெழுத்து யாருடையது என்பதுதான் கேள்வி. "எதுவானாலும் எழுத்துல குடு" என்றேன்.

"எனக்கு இன்னா எழுதத் தெரியும்? இத்தினி வருஷமா எல்லாம் நீங்கதான எழுதிக்கினு இருந்தீங்க."

அது உண்மை. செக்யூரிட்டி அறையில் ஒரு தாள் வாங்கி எழுதிக் கொடுத்தேன். பெறுநர், குழுத் தலைவி. ஆகஸ்ட் முப்பதாம் தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டிவிடுகிறேன், தவறினால் என்னைத் தெருவில் நிறுத்திக் கேட்கச் சம்மதம் என்று அவள் சொல்வதுபோல எழுதினேன். அவளிடம் நானூறு ரூபாய்கூட இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"நல்லா எழுதிகீறீங்களா?" என்றாள்.

"நல்லா எழுதியிருக்கேன்" என்றேன்.

படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். அவள் எதையுமே படித்ததில்லை. முப்பதாம் தேதி சாயங்காலம் அவளைத் தெருவில் நிறுத்தினார்கள். முப்பத்தொன்றாம் தேதி காலையில் ரயில்வே போலீசார் எனக்குப் போன் செய்தார்கள்.

இன்சூரன்ஸுக்குப் பிரேதப் பரிசோதனைச் சான்று தேவைப்பட்டதால் உங்கள் ஸ்டேஷனுக்கு ஒரு மனு கொடுத்தேன். அதை நீங்கள் எடுத்துவைத்திருப்பீர்கள் என்று நினைக்கவில்லை. பல மாதம் கழித்து முத்தம்மாள் அந்தக் கடிதங்களைக் கொண்டுவந்து கொடுத்தபோது இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தீர்கள்.

"மொட்டக் கடுதாசில எவனாவது 'பார்வை: எனது முந்தைய கடிதம்'னு எழுதுவானாய்யா? இடம், நாள் வேற போட்டுகீற" என்றீர்கள். உங்கள் ஏட்டையா வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரிக்கட்டும். அவர் எழுதும் அறிக்கைகளில் நாள் இருக்காது.

முதல் கடிதம் இன்சூரன்ஸ் ஓராண்டு முடிந்த மறுநாள் ஏன் தொடங்குகிறது என்று கேட்டீர்கள். மேலே எழுதிவிட்டேன். நான் அவளைத் தொடவில்லை, தள்ளவில்லை. அவள் என்ன செய்வாள் என்று தெரிந்து எழுதினேன், செய்யும்வரை எழுதினேன். இதைக் கொலை என்று எழுத வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கீழே கையெழுத்துப் போடுகிறேன். போடுவதற்குமுன் படித்துப் பார்ப்பேன்.

அக்டோபரில் இன்சூரன்ஸ் பணம் வந்து கணக்கு முடிந்தது. என் பெயருக்குக் கீழே சிவப்பு இல்லை. டிசம்பரில் மனை பதிவானது.

கடைசியாக ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அந்த ஒரு லட்சத்து இருபதாயிரம் எங்கே போனது என்று கேட்டீர்கள். ஒளிக்க ஒன்றும் இல்லை. பணம் வந்த அன்றே அவளிடமிருந்து வாங்கி, மறுநாள் திருநின்றவூர் மனைக்கு முன்பணமாகக் கட்டினேன். ரசீது என் பெயரில்தான் இருக்கிறது, கோப்பில் முதல் காகிதம், பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கடன் அவளுடையது.