கூட்டத்திலிருந்து ஒரு வரி

— வாயைப் பொத்திக்கிட்டு அழுதா மட்டும் பாடினது திரும்பி உள்ள போயிடுமா? கையை எடு, கண் மை கன்னமெல்லாம் வழியுது.

— வழியட்டும் ஊசியக்கா. என் நாடகப் பொழைப்பு இன்னியோட முடிஞ்சுது, அவ்ளோதான். அந்தப் பெட்டியை இப்படித் தள்ளுங்க, என் சாமானை எடுத்துக்கிறேன்.

— இடைவேளையில மூட்டை கட்டுறவளை இப்பதான் பாக்குறேன். நாடகம் இன்னும் பாதி கெடக்கு. கேட்டுக்கோ, அந்த இடுப்பு முடிச்சை அவுக்காதே. நான் துணி தைக்கிறவ, மந்திரக்காரி இல்ல.

— நீங்க மேடை ஓரத்துலதானே நின்னீங்க? நான் பாடினது கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்குமா?

— கடைசி வரிசையா? வெளியில வாசல்ல காவல்காரர் தூக்கம் கலைஞ்சு எந்திரிச்சிருப்பாரு.

— ஐயோ!

— பின்ன என்னடி? நீ சந்தைக் கூட்டத்துல கூடையோட நிக்கிற ஆளு. கல்யாணப் பொண்ணா நடிக்கிற பெரியக்கா படியில எறங்கி வந்து பாடணும். வாத்தியமெல்லாம் அடங்குது, விளக்கு அவங்க மேல விழுது, சரியா அந்த நேரம் பாத்து அவங்க பாட்டோட முதல் வரியை நீ எடுத்துட்டே!

— நான் எடுக்கலக்கா, அதுவா வந்துடுச்சு! போன வாரம் பூரா அவங்க காய்ச்சல்ல கெடந்தாங்க, அவங்க எடத்துல நான்தானே அந்தப் படியில நின்னேன்? புல்லாங்குழல் அந்த இழுப்பு இழுத்ததும் நெஞ்சு தானா விரிஞ்சுது, வாய் தானா தொறந்துச்சு. நான் கூட்டத்துல நிக்கிறேன்னு அப்புறந்தான் உறைச்சுது.

— தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்பாங்க. உனக்கு ஒரு வாரப் பழக்கமே இந்தப் பாடு படுத்துது.

— டைரக்டர் என்ன சொன்னாரு?

— மூஞ்சி கஞ்சி போட்ட சட்டையாட்டம் வெறைச்சுப் போயிருந்துச்சு. நேரா பெரியக்கா ரூமுக்குப் போனாரு.

— அப்ப சந்தேகமே இல்ல, முடிஞ்சுது. அக்கா, நான் இந்தக் கம்பெனிக்குள்ள ரெண்டு பேர் சேர்ந்து போடுற குதிரை வேஷத்துல பின்னங்காலா வந்தவ. ஞாபகம் இருக்கா?

— ஏன் இல்லாம? முன்னங்கால் கோவிச்சுக்கிட்டுப் போன அன்னிக்கு நீ பாதிக் குதிரையா மேடையில வந்து நின்னியே! சிரிச்ச சிரிப்புல எனக்கு ஊசி விரல்ல ஏறிடுச்சு.

— அப்புறம் மரம். அப்புறம் வேலைக்காரி, ஊர்ப் பொம்பளை. அதுக்கப்புறம் பெரியக்காவுக்கு உடம்பு சரியில்லேன்னா பாடுறதுக்கு மாத்து ஆளு. போன வாரம் வரைக்கும் அவங்களுக்குத் தும்மல்கூட வந்ததில்ல! அவங்க பாட்டை நான் பாத்திரம் தேய்க்கிறப்போ பாடுவேன், பஸ்ஸுல மனசுக்குள்ள பாடுவேன். இந்த வருஷத்தோட விட்டுடுறேன், ஸ்கூல்ல பாட்டு டீச்சராப் போயிடுறேன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லியும் ஆச்சு. அப்பதானா எனக்கு அந்தப் படி கெடைக்கணும்? ஏறி நின்னதுக்கப்புறம் டீச்சர் வேலையை நெனைக்கவே பிடிக்கல. எனக்கு அந்தப் படி வேணும்க்கா. வேற எதுவும் வேணாம். அதுலயும் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேன்.

— சரி சரி, மூக்கைத் தொடை. செருப்புச் சத்தம் கேக்குது, பெரியக்காதான்.

— ஐயையோ, நான் எங்க ஒளியிறது?

— துணிக்குப் பின்னால ஒளிஞ்சா கால் தெரியும். பேசாம நில்லு.

— எங்க அவ? இந்தா பாரு ஊசி, மொதல்ல கதவைச் சாத்து.

— பெரியக்கா, என்னை மன்னிச்சிடுங்க. உங்க கால்ல வேணா...

— கால் பக்கமே வராதே, முட்டியில பட்டா உயிர் போயிடும். தெனமும் அந்தப் படியில துள்ளித் துள்ளி எறங்குறேன். பதினெட்டு வயசுப் பொண்ணாம் நானு! என் பொண்ணுக்கே கல்யாணம் ஆயிடுச்சு. வீட்டுக்குப் போனா வெந்நீர் ஒத்தடம்தான்.

— நான் வேணும்னு பாடலக்கா, சத்தியமா...

— தெரியும்டி. வேணும்னு பாடினா அப்படி வராது. யாரு அதுன்னு டைரக்டர் வந்து குதிச்சாரு. நான் சொல்லித்தான் பாடினான்னுட்டேன்.

— எனக்காகப் பொய் சொன்னீங்களா?

— உனக்காக ஒண்ணும் இல்ல, எனக்காக. இந்தா பாரு, இந்த நாடகத்துல எனக்குப் பிடிச்ச வேஷம் மாமியார் வேஷம். நாற்காலியில உக்காந்துக்கிட்டே ஊரைத் திட்டலாம், பாட்டெல்லாம் சிரிப்புப் பாட்டு. அதைப் பண்றவ கம்பெனியை விட்டுப் போறா. எனக்குக் குடுங்கன்னு கெஞ்சினேன். "நீங்க எறங்கிட்டா படியில யாரு நிக்கிறது, அந்தக் குதிரைக்காலா?"ன்னு கேட்டாரு.

— அப்படியா சொன்னாரு?

— அப்படியேதான். நீ பாடி அவரு கேட்டாத்தானே ஒத்துக்குவாரு? எனக்கு உடம்புக்கு வந்தாத்தானே நீ பாடுவே? அதான் வரவழைச்சுக்கிட்டேன்.

— எதை?

— காய்ச்சலை.

— பெரியக்கா! அப்ப அந்த ஒரு வாரமும்...

— மாடியில, விளக்கு போடுறவர் பக்கத்துல முக்காடு போட்டுக்கிட்டு உன்னைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். ஊசிதான் டீ கொண்டு வந்து குடுப்பா.

— ஊசியக்கா! உங்களுக்கும் தெரியுமா?

— கேட்டுக்கோ, இந்தக் கொட்டகையில எனக்குத் தெரியாத கிழிசல் எது? ஆனா வாயைத் தொறக்க மாட்டேன்.

— அவ கெடக்கா. அப்பவும் அந்த மனுஷன் மசியல. "ஏதோ சமாளிச்சா. ஜனம் உங்க மூஞ்சிக்குத்தான் டிக்கெட் வாங்குது"ன்னுட்டாரு. நானும் விட்டுட்டேன். இந்த முட்டியோடயே செத்துப் போகலாம்னு இன்னிக்குப் படியேறினேன். அப்பதான் நீ வாயைத் தொறந்தே.

— உங்க பாட்டைக் கெடுத்துட்டேன்.

— கேளுடி. விளக்கு என் மேல இருந்துச்சு. நகை, பூ எல்லாம் என் மேல இருந்துச்சு. நீ இருட்டுல நின்னே. கொட்டகையில ஒருத்தர் பாக்கியில்லாம உன் பக்கம் திரும்பினாங்க. ஜனம் திரும்பினதை டைரக்டர் ரெண்டு கண்ணால பாத்துட்டாரு. இப்ப என்ன சொல்றீங்கன்னு கேட்டேன். குதிச்ச மனுஷன் அப்படியே உக்காந்துட்டாரு. "உங்க இஷ்டம்மா"ன்னாரு.

— அப்படின்னா, நாளையிலேர்ந்து கல்யாணப் பொண்ணு... நானா?

— நாளைக்கு என்ன நாளைக்கு? மணி அடிக்குது பாரு, மீதிப் பாதியிலேயே நீதான். இந்தா, என் கல்யாண உடுப்பைப் போட்டுக்கோ. திரும்பி நில்லு, முதுகுக் கொக்கியை நான் மாட்டி விடுறேன்.