மேகமலைச் செடி

ஹேமாவதி: கைய ஏன் பின்னால கொண்டு போறீக அத்தை?

பொன்னாத்தாள்: கையா... பூச்சி கடிச்சிருச்சு.

ஹேமாவதி: காட்டுங்க, பாப்போம்.

பொன்னாத்தாள்: பூச்சி போயிருச்சு. நீ போயி உலையப் பாரு.

ஹேமாவதி: எறக்கி வச்சுட்டுத்தான் வந்தேன். செடிகிட்ட உங்களுக்கு என்ன வேலை?

பொன்னாத்தாள்: தண்ணி... தண்ணி ஊத்த வந்தேன்.

ஹேமாவதி: குடம் எங்க?

பொன்னாத்தாள்: போலீசு கணக்கா கேக்குறா பாரு மருமக. போர்த் தண்ணி உப்புன்னு இதுக்குக் கேன் தண்ணி ஊத்துறவதான நீ. உன் புருசன் உசுரோட இருந்தப்பக் கூட எனக்குக் கேன் தண்ணி வாங்கித் தந்ததில்ல.

ஹேமாவதி: நீங்க கேட்டிருந்தா வாங்கியாந்திருப்பாக.

பொன்னாத்தாள்: ம்... எம் மகன் வீரணன் இல்லைன்னு சொல்ல மாட்டான். அது கெடக்கட்டும், அந்த ஈஸ்வரபாண்டி போன் போட்டானா?

ஹேமாவதி: பேச்ச மாத்துறீக.

பொன்னாத்தாள்: போட்டானா இல்லையா?

ஹேமாவதி: நேத்துப் போட்டாக. செடி எப்படி இருக்குன்னு கேட்டாக.

பொன்னாத்தாள்: மேகமலையில அவன் நர்சரி பூரா செடி நிக்கிது. ஓடைப்பட்டியில கெடக்குற இந்த ஒத்தச் செடிக்குத்தான் வாராவாரம் போனாக்கும்.

ஹேமாவதி: அவுக குடுத்த செடி. கேக்க மாட்டாகளா...

பொன்னாத்தாள்: மூஞ்சி செவக்குது.

ஹேமாவதி: வெயிலு.

பொன்னாத்தாள்: கார்த்திகையில வெயிலு. சரி, நீ என்ன சொன்ன?

ஹேமாவதி: இன்னும் பூக்கலன்னேன். சிரிச்சாக. மலையில வேலிக்கு நட்டா வேலியே மஞ்சளா நிக்கும், கல்யாண வீட்டு வாசலுக்கு ஒடிச்சுக் கட்டுவோம், உங்க ஊர்லதான் இது அடம் பிடிக்குதுன்னாக. திராட்சப் பந்தல் நெழல்ல வையி, காலை வெயில் மட்டும் போதும்னாக.

பொன்னாத்தாள்: நீ எனக்குச் சொன்ன வாக்கு அவனுக்குத் தெரியும்.

ஹேமாவதி: எந்த வாக்கு?

பொன்னாத்தாள்: நடிக்காத. அந்தப் பையனக் கட்டிக்கிறியான்னு கேட்டதுக்கு, செடி பூக்கட்டும் அத்தை, அன்னைக்கு பதில் சொல்றேன்னு நீதான சொன்ன? அவன்கிட்டயும் சொல்லி வச்சிட்டேன்.

ஹேமாவதி: சொல்லிட்டீகளா... அது ஏதோ வாயில வந்தது அத்தை. இப்பக் கைய நீட்டுங்க.

பொன்னாத்தாள்: இந்தா, பாத்துக்க.

ஹேமாவதி: மொட்டு.

பொன்னாத்தாள்: தானா விழுந்துச்சு.

ஹேமாவதி: நகத்துல பச்ச ஒட்டியிருக்கு. ஏன் அத்தை? கட்டிக்க, கட்டிக்கன்னு தெனமும் என்ன வெரட்டுனது நீங்கதான.

பொன்னாத்தாள்: வெரட்டுனேன். பகல்ல புத்தி இருக்கும், வெரட்டுவேன். விடியக்காலம் இங்கன வந்து நின்னா, நீ இல்லாத வீடுதான் கண்ணுல தெரியுது. கை தானாப் போயிருது. ஒரு வயசுப்புள்ள வாழ்க்கைய நகத்தால கிள்ளிப் போட்டவ நான், ஆத்தா.

ஹேமாவதி: அழுகாதீக.

பொன்னாத்தாள்: அதுலயும் கூத்தப் பாரு. திராட்சைக்குக் கவாத்து வெட்டியே வயசானவ நான். நுனியக் கிள்ளுனா பக்கத்துல கெளை வெடிக்கும்னு எனக்கு ஒறைக்கல பாரேன். கிள்ளக் கிள்ளப் பொதராச்சு. இன்னைக்கு வந்து பாத்தா செடி பூரா மொட்டு. இந்த ஒண்ணத்தான் கிள்ளுனேன். அடுத்ததுக்குக் கை போகல.

ஹேமாவதி: நீங்க மட்டும் இல்ல அத்தை.

பொன்னாத்தாள்: என்னது?

ஹேமாவதி: சாயங்காலம் வெளக்கேத்திட்டு வந்து... நானும் கிள்ளுவேன்.

பொன்னாத்தாள்: அடிப்பாவி. நீ ஏன்டி?

ஹேமாவதி: உங்கள ஒத்தையில விட்டுட்டு எப்படிப் போக? பூக்கலன்னா பதில் சொல்ல வேண்டாம்ல.

பொன்னாத்தாள்: காலையில மாமியா, சாயங்காலம் மருமக. இதுல அந்தப் பாவிப்பய, மண்ணு சரியில்ல, எரு பத்தலன்னு அங்கன தலையப் பிச்சுக்கிட்டு இருக்கான்.

ஹேமாவதி: சிரிக்காதீக அத்தை, எனக்கும் சிரிப்பு வருது.

பொன்னாத்தாள்: இரு, இரு... ரெண்டு பேரு கிள்ளியும் இம்புட்டு மொட்டு எப்படி நின்னுச்சு? தரையப் பாக்காத. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

ஹேமாவதி: ஐப்பசி மழை விட்டதுல இருந்து... நான் கிள்ளல அத்தை.