வித்தியாசம் தெரிய வேண்டும்

கதவை யாரோ காலால் உதைத்தார்கள். நான் அப்போது பல் விளக்கிக்கொண்டிருந்தேன். வாய் நிறைய நுரை இருந்ததால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதற்குள் இன்னும் இரண்டு உதை விழுந்தது. திறந்த பிறகுதான் தெரிந்தது, தட்டுவதற்கு அவர்கள் கை காலியாக இல்லை. என் தங்கை ஜெயந்தினியைக் கம்பளியில் கிடத்தி, நாலு மூலையையும் நாலு பேர் பிடித்துக் கீழ் டிவிஷனிலிருந்து மேட்டில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். மழையில் கீழ் ரோட்டு சரிந்து கிடந்தது. தோட்டத்து வேன் மேல் டிவிஷனில் இருக்கும் என் குவாட்டர்ஸ் வரைக்கும்தான் வரும்.

"மச்சான், ரெண்டு நாளா கண்ணு மஞ்சளா இருந்துச்சு. இன்னிக்கி பேச்சே ஒழுங்கா வரல" என்றான் அவள் புருஷன் கஜேந்திரன்.

அவளுக்கு எட்டாம் மாதம். நான் வாயைக் கொப்பளித்துவிட்டு வேன் டிரைவருக்கு ஃபோன் பண்ணினேன். பதினைந்து நிமிடம் ஆகும் என்றான்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதல் என்பது அந்தக் காலை இல்லை. அதற்கு ஆறு மாதம் பின்னால் போக வேண்டும். பொறுமையாக எழுதிக்கொள்ளுங்கள், நான் எதையும் மறைக்கப் போவதில்லை.

என் பெயர் யோகேஸ்வரன். பூண்டுலோயாப் பக்கத்தில், நீங்கள் பார்த்த அந்தத் தோட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர். 'வெல்பேர் ஐயா' என்பார்கள். தொழிலாளர் லயத்தில் பிறந்து அதே தோட்டத்தில் உத்தியோகத்துக்கு வந்த ஆள் நான் ஒருவன்தான். அதனால் அங்கே உள்ளவர்கள் என்னை ஐயா என்று கூப்பிடும்போது பாதி மரியாதை, பாதி கேலி.

ஏப்ரல் பிறந்த கையோடு கம்பனி ஒரு உடல்நலத் திட்டம் கொண்டுவந்தது. ஒரு தொழிலாளி நோயில் விழுந்தால் தோட்டத்துக்குச் செலவு. டிஸ்பென்சரி மருந்து, வேன் ஓட்டம், சுகவீன நாளுக்குச் சம்பளம், அந்த ஆளுக்குப் பதிலாக எடுக்கும் கைக்காசு ஆளுக்குக் கூலி. நல்ல பழக்கங்களைச் சொல்லிக் கொடுத்து, அடிக்கடி உடம்பைப் பரிசோதித்தால் இந்தச் செலவு குறையுமா? அதை அளந்து சொல்லக் கொழும்பிலிருந்து ஊர்மிளா மேடம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஆராய்ச்சிதான் அவர் தொழில்.

எங்கள் தோட்டத்தில் இரண்டு டிவிஷன். ஏறக்குறைய ஒரே அளவு ஆட்கள், ஒரே வேலை. ஒன்றில் திட்டத்தை நடத்துவது, மற்றதைச் சும்மா விடுவது, ஆறு மாதம் கழித்து இரண்டையும் ஒப்பிடுவது என்று முடிவாகியது. சீட்டுக் குலுக்கினார்கள். திட்டம் மேல் டிவிஷனுக்கு விழுந்தது. ஜெயந்தினி கட்டிக்கொண்டு போனது கீழ் டிவிஷனுக்கு, கொழுந்து பறித்ததும் அங்கேதான். அது சீட்டில் வந்தது, நான் செய்ததில்லை.

"கீழ் டிவிஷனில ஒண்டையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்றார் மேடம். "வழமையா நடக்கிறது நடக்கட்டும். அப்பதான் திட்டத்தால வந்த வித்தியாசம் எதெண்டு தெரியும்."

"செலவு ஒன்னும் குறையலன்னா மேடம்?"

"அதுவும் ஒரு விடைதானே. அப்பிடியே எழுதுவம்." சிரித்துக்கொண்டே சொன்னார். நல்ல மனுஷி. என்ன விடை வந்தாலும் அவருக்கு வேலை இருக்கும்.

மேல் டிவிஷனில் தினமும் காலைப் பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடுவதற்கு முன்னால் பத்து நிமிடம் உடற்பயிற்சி. கையைத் தூக்கு, இறக்கு, குனி, நிமிர். முதல் நாளே நாகலெட்சுமி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"மலையேறி இருவது கிலோ கொழுந்து சொமக்குறவளுக்கு எக்சசைஸ் சொல்லித் தாராங்கடி! பங்களாவுல போயி சொல்லிக் குடுங்க ஐயா. தொரைக்குத்தான் தொப்ப கெடக்கு."

பெரட்டுக் களமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கே அந்த நாகலெட்சுமிக்குப் பிரஷர் பார்த்தபோது மெசின் காட்டிய எண்ணைப் பார்த்து எனக்கு வியர்த்துவிட்டது. உடனே வேனில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அவள் இன்றைக்கு உயிரோடு இருக்கிறாள் என்றால் அது அந்தத் திட்டத்தால். அவளைப் போல பதினேழு பேர். சீனி வியாதி உள்ளவர்கள், நெஞ்சுவலியைச் சொல்லாமல் வைத்திருந்தவர்கள், மார்பில் கட்டியோடு கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒருத்தி. எல்லாரும் அதுவரை டிஸ்பென்சரிப் பக்கமே வராதவர்கள்.

நோயைத் தேடினால் நோய் கிடைக்கும், கிடைத்த நோய்க்கு வேன் ஓடும், லீவு போகும். இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். மூன்று மாத முடிவில் பார்த்தால் திட்டம் நடக்கும் மேல் டிவிஷனில்தான் செலவு அதிகம். கீழ் டிவிஷன் எப்போதும் போல இருந்தது.

தோட்டத்து மேனேஜர் தொரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். கோபப்படவில்லை.

"யோகேஸ்வரன், கம்பனி கேக்குது. செப்டெம்பர் முடியிறப்ப வித்தியாசம் தெரியணும். இல்லாட்டி திட்டமும் இல்ல, பிரஷர் மெசினும் இல்ல. உங்க போஸ்ட்டும் அதோட சேந்ததுதான்."

என் வேலைக்காகச் செய்தேன் என்று நீங்கள் எழுதினால் நான் சண்டை போட மாட்டேன். ஆனால் என் மனதில் இருந்தது நாகலெட்சுமி. திட்டம் நின்றால் அவளுக்கு மாதாமாதம் யார் பிரஷர் பார்ப்பார்கள்? திட்டம் ஜெயித்தால் அடுத்த வருடம் கீழ் டிவிஷனுக்கும் வரும் என்று சொல்லியிருந்தார்கள். நான் கீழ் டிவிஷனையும் நினைத்துத்தான் செய்தேன்.

மேல் டிவிஷனில் செலவைக் குறைக்க ஒரே வழி, நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று சொல்வது. அப்படிச் செய்கிற ஆள் நான் இல்லை. ஒரு நோயாளியைக்கூட நான் திருப்பி அனுப்பியதில்லை, விசாரித்துப் பாருங்கள்.

ஜூலை இரண்டாவது வாரம். கீழ் டிவிஷன் தண்ணித் தொட்டிக்கு மேலே வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். வாராவாரம் அந்தத் தொட்டிக்குக் குளோரின் தூள் போடுவது நான்தான். யாரும் எனக்கு அதை உத்தரவாகத் தரவில்லை. நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு பயிற்சிக்குப் போய் வந்து நானாக ஆரம்பித்தது. ஊர்மிளா மேடத்தின் படிவங்களில் அதற்கு இடமே இல்லை, அவருக்கு அது தெரியவும் தெரியாது.

மூடியைத் திறந்தபோதுதான் யோசனை வந்தது. இதுவும் ஒரு நலத்திட்டம்தானே? திட்டம் இல்லாத டிவிஷன் என்று மேடம் நினைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் நான் வாராவாரம் ஒரு திட்டத்தை நடத்திக்கொண்டிருக்கிறேன். அப்படியென்றால் அந்த ஒப்பீடு நியாயமான ஒப்பீடு இல்லை. எவ்வளவோ நேரம் நின்று யோசித்தேன். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் நான் நினைப்பது சரியாகத்தான் பட்டது. மூடியைத் திரும்ப இறுக்கினேன்.

நான் தண்ணீரில் எதையும் கலக்கவில்லை ஐயா. போடாமல் விட்டேன், அவ்வளவுதான். தொட்டிக்கு மேலே பத்து வீட்டுக் கக்கூஸ் குழி இருப்பது எனக்குத் தெரியும். அந்தப் பயத்தில்தான் நாலு வருடம் போட்டேன்.

மேல் தொட்டிக்கு வழக்கம் போலப் போட்டு வந்தேன்.

ஓகஸ்ட் மாதம் கீழே வயிற்றோட்டம் ஆரம்பித்தது. பிறகு காய்ச்சல், பிறகு மஞ்சள் காமாலை. ஒரு லயத்தில் மூன்று பேர், அடுத்த லயத்தில் ஆறு பேர். வேன் ஒரு நாளில் இரண்டு தடவை தலவாக்கலை ஆஸ்பத்திரிக்கு ஓடியது. சோலைமலைக் கிழவர் இறந்து போனார். எழுபத்திரண்டு வயது, வயதும் ஒரு காரணம். அவர் வேலையை விட்டுப் பல வருடம் ஆனதால் மேடத்தின் செலவுக் கணக்கில் வரவில்லை. நோயில் விழுந்த சின்னப் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் வரவில்லை.

இழவு வீட்டில் சின்னராசா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்: "மேல எக்சசைஸு, கீழ காமால. நம்ம வெல்பேர் ஐயா சரியாத்தான் பிரிச்சுக் குடுத்திருக்காரு." அவன் விளையாட்டாகச் சொன்னது. பக்கத்தில் இருந்தவர்கள் துண்டை வாயில் வைத்துச் சிரித்தார்கள். என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஜெயந்தினியிடம் போய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று சொன்னேன்.

"வெறகெல்லாம் நனைஞ்சு கெடக்குண்ணே. தேத்தண்ணிக்கே ஊதி ஊதி கண்ணு எரியுது. நீங்க வேற."

அதனால் மூன்று நாளுக்கு ஒரு தடவை மேல் டிவிஷனிலிருந்து ஒரு கேன் தண்ணீர் தூக்கிக்கொண்டு போனேன். மற்ற எழுபது வீட்டுக்கும் ஏன் கொண்டு போகவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த இறக்கத்தில் ஒரு ஆள் எத்தனை கேன் தூக்க முடியும், சொல்லுங்கள்.

நாலாவது தடவை போனபோது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் டம்ளரோடு அவள் வாசலில் வரிசையாக நின்றார்கள். அவள் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு கேனிலிருந்து ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, ஒனக்குன்னுதானே கொண்டாந்தேன்?"

"மலையிலருந்து ஊத்துற பீலித் தண்ணி குடிச்சு வளந்த ஒடம்புதானேண்ணே இது. சின்னதுகளுக்குத்தான் ஒத்துக்கல. ஒங்க தண்ணி குடிச்சா வாந்தி நிக்குதுன்னு அதுகளே சொல்லுது."

தொட்டித் தண்ணீர்தான் காரணம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால், அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். மேட்டில் ஏறி வந்துவிட்டேன்.

செப்டெம்பர் நடுவில் ஊர்மிளா மேடம் வந்தார். மேல் டிவிஷனைவிடக் கீழ் டிவிஷனில் செலவு இரண்டு மடங்கு. தொரை முகமெல்லாம் சிரிப்பு. மேடம் சிரிக்கவில்லை.

"இது திட்டத்தால வந்த வித்தியாசமாத் தெரியேல்ல யோகேஸ்வரன். மேல ஒண்டும் குறையேல்ல. கீழதான் கூடியிருக்கு. தண்ணியைச் சோதிச்சுப் பாப்பம்."

போத்தலை என்னிடம் கொடுத்தார். நான் அதை மேல் தொட்டியில் நிரப்பிக் கொடுத்தேன். நல்ல தண்ணீர் என்று முடிவு வந்தது. அன்றைக்கு மாதம் முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஸ்டோரில் கீழ்த் தொட்டிக்கான குளோரின் வாளிகள் இருந்தன. இரண்டு கை தூள், அரை மணி நேர வேலை. ஆனால் பன்னிரண்டு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். இத்தனை பேர் பட்ட கஷ்டம் வீணாகப் போகக் கூடாது என்றும் நினைத்தேன்.

இருபத்தெட்டாம் திகதி காலையில்தான் கதவை உதைத்தார்கள்.

வேனில் அவள் தலை என் மடியில் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் வண்டி சாயும்போது நான் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. கஜேந்திரன் டிரைவரைக் கெஞ்சிக்கொண்டே வந்தான். முன்னால் ஒரு லொறி பனிமூட்டத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஜெயந்தினி ஒரு தடவை கண்ணைத் திறந்தாள். கண் மஞ்சளாக இருந்தது.

"காய்ச்சித்தான் குடிச்சேண்ணே" என்றாள். "நீங்க சொன்ன மாதிரிதான். கோவிச்சுக்காதீங்க."

நான் கோபப்படுவேன் என்று பயந்து பொய் சொன்னாள். அவள் அடுப்பு எரியாததை நான் பார்த்திருக்கிறேன். "கோவமில்லடி" என்றேன். பதினோரு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளையையும் காப்பாற்ற முடியவில்லை என்றார்கள். ஆண் பிள்ளை.

மறுநாள் அடக்கம் செய்தோம். கீழ் டிவிஷன் முழுக்க வந்திருந்தது. அன்றைக்கும் எல்லாருக்கும் தேத்தண்ணி அந்தத் தொட்டித் தண்ணீரில்தான் போட்டார்கள். கொதித்த தண்ணீர்தானே என்று நான் ஒன்றும் சொல்லவில்லை. கை கழுவ வைத்திருந்த வாளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முப்பதாம் திகதி மாதம் முடிந்தது. ஒக்டோபர் முதலாம் திகதி விடியக்காலை நானே போய்க் கீழ் தொட்டிக்கு இரண்டு கை தூள் போட்டேன். அடக்கம் முடிந்து இரண்டு நாள் ஏன் பொறுத்தேன் என்று உங்கள் கண் கேட்கிறது. ஆறு மாதம் என்றால் ஆறு மாதம் ஐயா. நடுவில் மாற்றினால் அளவு கெட்டுவிடும். அதற்குப் பிறகு ஊர்மிளா மேடம் ஸ்டோருக்குப் போய், கீழ்த் தொட்டிக்கென்று வைத்து ஜூலையிலிருந்து குறையாமல் இருந்த குளோரின் வாளிகளை எண்ணிப் பார்த்துவிட்டு உங்களிடம் வந்திருக்கிறார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

நாற்பத்தொரு பேருக்குக் காமாலை வந்ததற்கும், கிழவரும் என் தங்கையும் அவள் பிள்ளையும் செத்ததற்கும் காரணம் நான்தான். கைச்சாத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். ஒன்றே ஒன்று இருக்கிறது.

"அன்னிக்கி வேன் மேல் டிவிஷன்ல இருந்து கெளம்புனதா டிரைவர் எழுதியிருப்பான் ஐயா. தங்கச்சி கீழ் டிவிஷன்காரிங்க. ஊர்மிளா மேடத்துக்கிட்ட சொல்லி, அந்த ஓட்டச் செலவ மட்டும் கீழ் டிவிஷன் கணக்குல மாத்திடச் சொல்லுங்க."