ஆளில்லா மாடி

எனக்குக் கருவாட்டு நாற்றம் ஆகாது. சிறுவயதில் அம்மா பொரிக்கத் தொடங்கினாலே பல்கனிக்குப் போய்விடுவேன். இதைச் சொன்னால்தான் மற்றதும் உங்களுக்கு விளங்கும்.

கட்டடங்களுக்கு எவ்வளவு சூடு செலவாகும் என்று கணினியில் கணக்குப் பார்ப்பது என் தொழில். பனிமலை ஊரான டாவோஸில் ஒரு ஹோட்டலில் விருந்தினர் தங்கும் மாடிகளின் கணக்கு மட்டும் கேட்டார்கள். கட்டடத்தின் ஒரு பகுதியை மட்டும் கணக்கிட்டால், மிச்சத்தைச் சூடுள்ள இடமென்றா இல்லாத இடமென்றா கொள்வது என்பதை நாமே முடிவுசெய்ய வேண்டும். இங்கே மிச்சம் என்பது கூரைக்குக் கீழிருந்த மாடி. சமையலறை ஆட்கள் அங்கேதான் படுத்தார்கள்.

பார்க்கப் போனேன். என்னோடு வேலைசெய்யும் வெள்ளைக்காரன் ஊர்ஸும் வந்தான். கதவைத் திறந்ததும் கருவாடு. ஹீற்றரின் மேல் யாருடையவோ ஈரக் காலுறைகள். கோப்பை கழுவும் மரியதாஸ் என்பவர், தண்ணீரில் ஊறித் தோலுரிந்த கையால், கறைபிடித்த கப்பில் தேத்தண்ணீர் நீட்டினார்.

“தம்பி ஊரிலை எவடம்?” என்று என் ஊர்த் தமிழில் கேட்டார்.

ஊர்ஸ் மூக்கைப் பொத்தியபடி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். நானும் அவர்களில் ஒருவன் என்றது அந்தப் பார்வை; கருவாட்டைவிட அதுதான் எனக்கு ஆகவில்லை. மரியதாஸ் திரும்பியதும் தேத்தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினேன்.

அந்த மாடியைச் சூடு தேவைப்படாத, ஆளில்லாத சாமான் அறை என்று கணக்கில் எழுதினேன். அதன்படி அங்கே ஹீற்றர்களை நிறுத்தினார்கள். கீழிருந்து கசியும் சூடும் ஏறாதபடி தரைக்குத் தடித்த வெப்பக்காப்பு போடச் சொன்னதும் நான்தான். குளிர்ந்தால் வேறிடம் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். மற்றவர்கள் வேறிடம் பார்த்துப் போனார்கள். மரியதாஸுக்குப் போக இடமில்லை.

தை மாதம் என் நம்பரைத் தேடிப்பிடித்து எனக்குப் போன் எடுத்தார்.

“தம்பி, குளிர் தாங்கேலாமல் கிடக்கு. முதலாளியோடை ஒருக்கால் கதைக்கிறீரோ?”

“ஓம் அண்ணை, கதைக்கிறன்.”

போனைத் துடைத்துவிட்டு வைத்தேன். யாரோடும் கதைக்கவில்லை.

அவர் சமையலறையிலிருந்து தணல் கரியைச் சட்டியில் அள்ளிப்போய், ஜன்னல் இடுக்குகளில் துவாய் அடைத்துவிட்டுப் படுத்திருக்கிறார். கரியிலிருந்து வந்த நச்சு வாயுவில் மூச்சு நின்றுவிட்டது. கரியை நான் மூட்டவில்லை. அவர் அங்கே இருக்கிறார் என்று தெரிந்தே சூட்டை நிறுத்தினேன், அவ்வளவுதான்.

பிறகு சூட்டுச் செலவு காட்டும் மீற்றரைப் பார்க்கப் போனேன். மாடியைக் கழுவியிருந்தார்கள்; நாற்றமே இல்லை. மீற்றரும் என் கணக்கோடு அச்சொட்டாகப் பொருந்தியது. ஆளில்லை என்று எழுதியதும் இப்போது பொய்யில்லை.